லீடர் கேட்க வேண்டிய நாலு கேள்வி



லீடர் என்றால் அதட்டணும், மற்றவர்கள் கேட்கணும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படைவீரர்கள் பொறியியல் மாணவர்களான கதையை இயற்பியல் சார் சொன்ன பிறகுதான் அது தப்பு என்று தெரிந்தது.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்க, 1944-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதனால் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கல்லூரியில் சேர்ந்தார்கள். போர் முடிந்து வந்து படித்தவர்களில் ஒருவர் ஜாக் கில்பி. போரின்போது இவர் நம் நாட்டின் வடகிழக்கில், ஒரு தேயிலைத் தோட்ட முகாமில் ரேடியோ பழுது பார்த்தவர்! 1947-இல் மின்பொறியியல் பட்டம் பெற்றார். 1958-இல் 'சிப்' எனப்படும் ஒருங்கிணைந்த மின்சுற்றைச் செய்து காட்டினார். அதற்காக 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்றும் அங்கே முன்னாள் வீரர்கள் பொறியியல் படிக்கிறார்கள். பொறியியலில் பல பேர் சேர்ந்து புராஜெக்ட் செய்யணும். அதற்குப் படையில் பழகிய ஒரு வழக்கம் கைகொடுக்கும். 1970-களில் அமெரிக்க ராணுவம் தொடங்கிய முறை அது. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்பார்கள்.

1. என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்?
2. உண்மையில் என்ன நடந்தது?
3. ஏன் அப்படி நடந்தது?
4. அடுத்த முறை என்ன செய்வோம்?

அதிகாரியின் தவறையும் சிப்பாய் சொல்லலாம். "யார் குற்றவாளி?" என்ற கேள்வி மட்டும் கிடையாது.

இனி என் கதை. அறிவியல் கண்காட்சிக்கு ஊசி போடும் சிரிஞ்சு, டியூப், தண்ணீர் வைத்து ஜே.சி.பி. மாடல் செய்தோம். நான்தான் லீடர். நடுவர் வந்தபோது டியூப் கழன்று தண்ணீர் கொட்டியது. கை தூக்கவே இல்லை. டியூப் மாட்டிய நண்பனை எல்லோர் முன்னாலும் திட்டினேன். அவன் அழுதுவிட்டான்.

சார் எங்களை உட்காரவைத்து அந்த நாலு கேள்வியையும் கேட்கச் சொன்னார். மூன்றாவது கேள்வியில் அவன் மெதுவாகச் சொன்னான்: "டியூப் லூசா இருக்குன்னு முந்தின நாளே சொன்னேன். நீதான், 'லீடர் நானா நீயா?'ன்னு கேட்டே."

எனக்குத் தலை நிமிரவில்லை. நண்பா, எல்லோர் முன்னாலும் திட்டினேன். எல்லோரும் படிக்கும் இந்தச் சுவரிலேயே மன்னிப்பும் கேட்கிறேன்.

மற்ற குழுத் தலைவர்களே! அடுத்த கண்காட்சிக்கு முன் இந்த நாலு கேள்வியையும் நோட்டில் எழுதி வையுங்கள். பதிலைக் குழுவில் யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேளுங்கள்.



— 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்