இருமுறை வெளியே வந்த தகப்பன்

லூக்கா 15-ஆம் அதிகார உவமையில், தூரத்தில் வரும் இளையகுமாரனைத் தகப்பனார் ஓடிச்சென்று அணைத்துக்கொள்கிறார். கூலிக்காரரில் ஒருவனாகச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கவே அவன் எண்ணி வந்தான். அவ்வார்த்தை அவன் வாயினின்று புறப்படுமுன்னே வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் கட்டளையிடப்பட்டன.

மூத்தகுமாரனோ கோபங்கொண்டு வெளியே நின்றான். வீட்டிலேயே இருந்தும், தன்னை ஊழியக்காரனாகவே எண்ணியிருந்தான். தகப்பனார் விருந்தை விட்டு வெளியே வந்து, அவனையும் வருந்தி அழைத்தார். அவன் உள்ளே சென்றானா? உவமை சொல்லவில்லை. முறுமுறுத்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் முன்பாக இயேசு இதைச் சொன்னார். பதிலை அவர்களிடமே விட்டார்.

பிரியமானவர்களே, தவறிய பிள்ளை வாசலில் நிற்கையில் முதலில் எழும்புவது கேள்வியா, தகப்பனின் கால்களா? பரமபிதாவின் அன்பைப் பிள்ளை முதன்முதல் காண வேண்டிய இடம் அந்த வாசலே.