கம்ப்யூட்டர் கிளம்ப மறுக்கிறதா?

ஆன் செய்ததும் கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று வந்தால், முதலில் செருகியிருக்கும் பென்டிரைவைப் பிடுங்குங்கள். பல நேரம் அதுதான் வில்லன். அப்படியும் சரியாகவில்லையா? ஆன் செய்த கையோடு எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டி பயாஸ் எனும் தொடக்க அமைப்புத் திரைக்குள் போய், ஹார்ட் டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், பூட் வரிசையில் அதை மேலே கொண்டுவாருங்கள். இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, டிஸ்க்கின் சாட்டா, பவர் கேபிள்களை எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். பழைய டெஸ்க்டாப்பில் தேதியும் நேரமும் தப்பாகக் காட்டினால், மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கலாம். விலை மலிவுதான், மாற்றியபின் பயாஸ் அமைப்பைச் சரிபாருங்கள். டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம் வந்தால் மட்டும் எதையும் முயலாமல் உடனே அணைத்துவிடுங்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால், கடைக்காரர் ஃபார்மட் போடுவதற்கு முன், உங்கள் ஃபைல்களை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.