சாளரம் சாளரமாக இறங்கும் சூரியன்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை என்று ஓர் இடம் உண்டு. எப்போதும் ஜனக்கூட்டம் இருக்கும். ஒரு பக்கம் பஸ் நிலையம். ஒரு பக்கம் சாலைக் கடைத்தெரு. கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனால் பத்மநாபசுவாமி கோயில். கோயிலுக்கு முன்னால் பத்மதீர்த்தக் குளம்.

கோயிலின் கிழக்குக் கோபுரம் ஏழு நிலை கொண்டது. உயரம் சுமார் 100 அடி. கோபுரத்தின் நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாகத் திறப்புகள் உள்ளன. இவற்றைச் சாளரம் என்கிறோம். கிழக்கே நின்று பார்த்தால், சாளரம் வழியே மேற்கு வானம் தெரியும்.

வருடத்தில் இரண்டு முறை இங்கே ஒரு காட்சியைக் காணலாம். மார்ச் 20 அல்லது 21 ஒன்று. செப்டம்பர் 22 அல்லது 23 மற்றொன்று. அந்த நாட்களில் மாலையில் பலர் கேமராவோடு வந்து நிற்பார்கள். சூரியன் முதலில் மேல் சாளரத்தில் தெரியும். கொஞ்ச நேரத்தில் மறையும். பிறகு அதற்குக் கீழே உள்ள சாளரத்தில் தெரியும். மாடியிலிருந்து படிப்படியாக இறங்குவது போல் இருக்கும்.

ஏன் அந்த நாட்களில் மட்டும்?

சூரியன் மேற்கே மறைகிறது என்கிறோம். தினமும் ஒரே இடத்திலா மறைகிறது? இல்லை. ஜூன் மாதத்தில் வடமேற்கே தள்ளி மறையும். டிசம்பரில் தென்மேற்கே தள்ளி மறையும். பூமி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுவதே இதற்குக் காரணம். நேர் மேற்கே மறைவது வருடத்தில் இரண்டு முறைதான். அப்போது பகலும் இரவும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்.

கோயில் கிழக்கு நோக்கி இருக்கிறது. அதனால்தான் அந்த நாட்களில் சூரியனும் சாளரங்களும் ஒரே நேரில் வருகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. திருவனந்தபுரம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் உள்ள ஊர். இங்கே சூரியன் அதிகம் சாயாமல் நேராகக் கீழே இறங்கும். லண்டன் போன்ற ஊர்களில் பக்கவாட்டில் சரிந்து இறங்கும். அங்கே இப்படிச் சாளரம் சாளரமாக இறங்காது.

கண்ணுக்குத் தெரியாத நகர்வு

கோயிலுக்கு அருகே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் வந்து ஒரு முகத்தின் கன்னத்தில் முட்டும். அதைப் பார்க்க ஆட்கள் நிற்பார்கள். ஆனால் கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை யாராவது பார்த்ததுண்டா? இல்லை. ஆனாலும் அது நகர்கிறது.

சின்ன முள் ஒரு சுற்றுச் சுற்ற 12 மணி நேரம். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 24 மணி நேரம். அதனால் வானம் சின்ன முள்ளை விடவும் மெதுவாக, பாதி வேகத்தில் நகர்வதாகத் தெரிகிறது. அதை எப்படிப் பார்ப்பது?

அதற்குத்தான் டைம்லாப்ஸ் என்ற முறை. கேமராவை ஒரே இடத்தில் அசையாமல் வைக்க வேண்டும். குறித்த இடைவெளியில் ஒவ்வொரு படமாக எடுக்க வேண்டும். பிறகு எல்லாப் படங்களையும் வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். மெதுவான நகர்வு வேகமாகத் தெரியும்.

ஒரு கணக்கு

மாலை 5.30 முதல் 6.15 வரை படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 45 நிமிடம்.

10 விநாடிக்கு ஒரு படம் என்றால், நிமிடத்துக்கு 6 படம்.
45 நிமிடத்துக்கு 45 × 6 = 270 படம்.
ஒரு விநாடிக்கு 30 படம் வீதம் ஓட்டினால், 270 ÷ 30 = 9 விநாடி.

முக்கால் மணி நேரம் 9 விநாடியில் ஓடிவிடும்!

கண் பத்திரம்

சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண்ணின் உள்ளே விழித்திரை எரிந்துவிடும். அப்போது வலி தெரியாது. போன பார்வை திரும்பி வராமலும் போகலாம். கேமராவின் கண்ணாடித் துளை வழியே பார்ப்பது இன்னும் ஆபத்து. கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி எதுவும் காப்பாற்றாது. கேமராவுக்கும் சூரிய வடிகட்டி தேவை. அது இல்லாதவர்கள் சூரியனைப் படம் எடுக்க வேண்டாம்.

அப்படியானால் வேறு எதைப் படம் எடுக்கலாம்? மேகத்தை எடுக்கலாம். அதற்கு ஒரு செல்போன் போதும். பெரும்பாலான செல்போன்களில் டைம்லாப்ஸ் வசதி இருக்கிறது.

1. சூரியன் இல்லாத பக்கமாகச் செல்போனைத் திருப்புங்கள்.
2. இரண்டு செங்கல் நடுவே அசையாமல் நிறுத்துங்கள்.
3. பாட்டரியில் சார்ஜ் இருக்கிறதா, படத்துக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.
4. படத்தின் ஓரத்தில் ஒரு மரமோ வீடோ தெரியட்டும். அப்போதுதான் மேகம் நகர்வது நன்றாகப் புரியும்.
5. 20 நிமிடமாவது தொடாமல் விடுங்கள்.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வரும். கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வருவதைப் படத்தில் பார்க்கலாம். இடி மின்னல் இருந்தால் வெளியே நிற்காதீர்கள்.

கேமராவே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாலையில் வீட்டு வாசலில் ஒரே இடத்தில் நில்லுங்கள். சூரியன் மறைந்த பிறகு, எந்த மரத்துக்குப் பின்னால் வெளிச்சம் அதிகமாக இருக்கிறது என்று பாருங்கள். நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வாரம் ஒரு முறை செய்யுங்கள். ஆறு மாதத்தில் சூரியன் எவ்வளவு தூரம் தள்ளிப் போகிறது என்பது உங்கள் எழுத்திலேயே தெரியும்.

பயிற்சி

1. சூரியன் நேர் மேற்கே மறையும் மாதங்கள் எவை?
2. 5 விநாடிக்கு ஒரு படம் வீதம் 20 நிமிடம் எடுத்தால் எத்தனை படம்? விநாடிக்கு 30 படம் வீதம் ஓட்டினால் எத்தனை விநாடி?
3. உங்கள் ஊர்க் கோயில், பள்ளிவாசல், சர்ச் எந்தத் திசை நோக்கி இருக்கின்றன? கூடிப் பேசுங்கள்.

(2-ஆம் கேள்விக்கு விடை: 240 படம், 8 விநாடி.)