தொழிலாளி என்பதே தகுதி

கும்மிடிப்பூண்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, மனு டைப் செய்வது, பி.எஃப். கிளெய்ம் போட்டுக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள், விரல் போய்விட்டது, திடீரென்று கேட்டுக்குள் விடவில்லை என்று யார் வந்தாலும், "பொன்னேரி கோர்ட்டுக்குப் போங்க, இலவசமா வக்கீல் வெச்சுக் கொடுப்பாங்க" என்பேன். பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். "அதெல்லாம் சோத்துக்கே இல்லாதவங்களுக்கு சார். நான் மாசம் பதினெட்டாயிரம் வாங்குறேன்."

இந்த நினைப்பை உடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆவது பிரிவு, யாருக்கெல்லாம் இலவச உதவி என்று வரிசைப்படுத்துகிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், கட்டாய உழைப்பில் சிக்கியவர்கள் ஆகியோரோடு தொழிற்சாலைத் தொழிலாளியும் அந்த வரிசையில் இருக்கிறார். இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வரம்பெல்லாம் இந்த வரிசையில் எதிலும் சேராதவருக்குத்தான். மேனேஜர் வேலையில் இருப்பவரைச் சட்டம் தொழிலாளி என்று சொல்லாது. ஆனால் ஃபர்னஸ் முன்னால் நிற்பவரும், ரோலிங் மில்லில் கம்பி இழுப்பவரும், காண்ட்ராக்டில் லோடு ஏற்றுபவரும் தொழிலாளிகளே. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் என்பதால் இதில் எதுவும் குறைந்துவிடாது. சட்டம் எழுதியவர்கள் எங்கள் ஊரை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எங்கே போவது? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு திருவள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. நமக்கோ திருவள்ளூர் வேறு ரயில் பாதையில் இருக்கும் ஊர். மின்சார ரயிலில் போனால் சென்னைக்குப் போய், அங்கிருந்து அரக்கோணம் வண்டி பிடிக்க வேண்டும். ஒரு நாள் சம்பளம் போயிற்று. அதனால் நான் முதலில் அனுப்புவது பொன்னேரி நீதிமன்றத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு. ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். அதற்கும் லீவு கிடைக்காதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து விசாரிக்கலாம். மனு வெள்ளைத் தாளில் தமிழில் இருந்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஏழு நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பதும் விதி. மறுத்தால் குழுவின் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். எனவே மனு கொடுத்ததும் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வக்கீலைவிட எனக்குக் கவலை தருவது காகிதம். காண்ட்ராக்ட் ஆளிடம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் இருக்காது, சம்பளச் சீட்டும் இருக்காது. "அந்த ஆள் எங்களிடம் வேலையே செய்யவில்லை" என்று கம்பெனி ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வழக்கு அங்கேயே முடங்கும். ஆகவே கேட் பாஸ், கேன்டீன் டோக்கன், சூப்பர்வைசர் ஷிப்ட் சொல்லி அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, சம்பளம் ஏறிய பாஸ்புக் பக்கம் என்று கையில் இருப்பதையெல்லாம் எடுத்து வரச் சொல்வேன். அற்பமாகத் தெரியும் கேன்டீன் டோக்கன்கூட, அவர் அந்தத் தேதியில் அந்த வளாகத்துக்குள் இருந்தார் என்பதற்குச் சாட்சி.

விபத்து என்றால் இன்னும் கவனம் வேண்டும். பிரஸ்ஸில் மூன்று விரல்களை இழந்த ஒரு பையனின் அண்ணன் கடைக்கு வந்தார். ஆஸ்பத்திரி சீட்டில் "கீழே விழுந்து காயம்" என்றிருந்தது. கூட வந்த கம்பெனி ஆள் சொன்னதை டாக்டர் எழுதிவிட்டார். பிறகு அதைச் சரிசெய்வது பெரும்பாடு. காயம்பட்டவர் வாய் திறந்து, "வேலை செய்யும்போது மிஷினில் மாட்டியது" என்று தானே சொல்ல வேண்டும். ஏ.ஆர். காப்பியில், அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலில், அந்த வரி வர வேண்டும். போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கிவிட வேண்டும்.

அந்த அண்ணனிடம் காண்ட்ராக்டர் இருபத்தைந்தாயிரமும் ஊருக்கு ரயில் டிக்கெட்டும் கொடுத்து, "இனி எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று கையெழுத்து வாங்கியிருந்தார். "சைன் போட்டாச்சு பாய், அவ்வளவுதான்" என்றார் அண்ணன். அவ்வளவு இல்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. காண்ட்ராக்டர் கைவிரித்தாலும் ஆலை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. கோருவதற்கு விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. அதற்குள் ஊருக்குப் போய் மறந்துவிடுகிறார்களே, அதுதான் எனக்கு ஆற்றாமை.

இதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறதா? இருந்தால் கம்பெனிமேல் இழப்பீட்டு வழக்கு கிடையாது. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதமும், நிரந்தர ஊனத்துக்கு மாதாந்தரத் தொகையும் இ.எஸ்.ஐ. தர வேண்டும். தப்பான கதவைத் தட்டி வருஷத்தைக் கழித்தவர்கள் நிறையப் பேர். இன்னொன்று, 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. டீக்கடையில் பழைய ஆட்கள் சொல்லும் பிரிவு எண்களை நம்பி மனு எழுதாதீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள், பிரிவை வக்கீல் போட்டுக்கொள்வார்.

இலவச வக்கீலுக்கான கட்டணத்தை ஆணைக்குழு கொடுக்கிறது. கோர்ட் ஃபீஸ், டைப் செலவு, சான்றிட்ட நகல் எல்லாம் அதில் அடக்கம். நீதிமன்றம் மட்டுமல்ல, இழப்பீடு விசாரிக்கும் தொழிலாளர் துறை அதிகாரி முன்பும் இந்த உதவி செல்லும். ஆகவே யாராவது "செலவுக்கு" என்று கேட்டால் செயலாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். நல்ல வக்கீல்களும் இருக்கிறார்கள், வாய்தா வாங்கியே காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். மாற்றிக் கொடுக்கும்படி மனு போடலாம், அதில் தயக்கம் வேண்டாம். வழக்கு எண் கிடைத்ததும் சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்கி போனில் ஈகோர்ட்ஸ் செயலியில் போட்டு வையுங்கள். அடுத்த வாய்தா எப்போது என்று வக்கீல் குமாஸ்தாவைக் கெஞ்ச வேண்டியதில்லை.

இந்த மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அரிசி ஆலை, செங்கல் சூளை, மரம் வெட்டும் இடங்களில் முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு மாட்டிக்கொண்ட இருளர்கள் இங்கே பலமுறை மீட்கப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் பழங்குடியினராகவும் தகுதி பெறுவார்கள், கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களாகவும் தகுதி பெறுவார்கள். 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்த முன்பணக் கடனே ரத்து. மீட்கப்பட்ட அன்றே விடுதலைச் சான்றிதழை வருவாய்த் துறையிடம் கேட்டு வாங்க வேண்டும். மறுவாழ்வுத் தொகைக்கு அதுதான் ஆதாரம்.

கடைசியாக மக்கள் நீதிமன்றம். சீக்கிரம் முடியும், கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே சம்மதித்துக் கையெழுத்திட்டால் அப்பீல் கிடையாது. அவசரப்படுத்தினாலும் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்ற மூன்றும் தீர்வில் எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். தொகை குறைவாகப் பட்டால் "வேண்டாம்" என்று சொல்லலாம், வழக்கு பழையபடி நடக்கும். அந்தத் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் பலம் உண்டு. சொன்ன தேதியில் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு போட வேண்டும். அதற்கும் இதே குழுவிடம் இலவசமாக வக்கீல் கேட்கலாம்.