அகன்ற தடமும் ஒடுங்கிய தடமும்

புறத்தோற்றத்தில் ஒத்தன யாவும் இயல்பிலும் ஒத்திருப்பதில்லை. பழைய கணினிகளிற் பயன்பட்ட 5¼ அங்குல நெகிழ்வட்டு இதற்குத் தக்க சான்றாகும்.

1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். எக்ஸ்.ரி. கணினியின் வட்டியக்கி, வட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் 40 தடங்களை அமைத்து, மொத்தம் 360 கிலோபைட்டுத் தரவைப் பதித்தது. 1984இல் வந்த ஏ.ரி. கணினியின் இயக்கியோ பக்கத்துக்கு 80 தடங்களை அமைத்து, 1.2 மெகாபைட்டுப் பதித்தது. ஆகவே, அதன் தடம் முன்னையதிற் பாதியளவு அகலமே உடையது.

இதனால் விளைவது யாது? ஒடுங்கிய தலை அகன்ற தடத்தை எளிதில் வாசிக்கும். ஆயின், பழைய இயக்கியில் எழுதிய வட்டின்மீது புதிய இயக்கி எழுதுமாயின், தடத்தின் ஒரு பகுதியே மாறும். எஞ்சிய பகுதியிற் பழைய பதிவு நிலைத்து நிற்கும். அவ்வட்டைப் பழைய இயக்கியில் மீண்டும் இட்டால், அதன் அகன்ற தலை இரண்டையும் ஒருங்கே உணர்ந்து தடுமாறும். பாதி துடைத்த கரும்பலகையில் மறுபாடம் எழுதினால் மாணவர் படும் இடரே அதுவும் படும்.

எனவே, பழைய கணினிக்குரியதை, முன்பு எழுதப்படாத 360 கிலோபைட்டு வட்டில், அவ்வளவுக்கே புதிய இயக்கியில் வடிவமைத்து எழுதுதல் நன்று. பழைய வட்டுகளைப் பேணி வைத்திருப்போர், அவற்றை வாசிக்குமுன் உறையின் ஓரத்திலுள்ள சதுர வெட்டை ஒளிபுகா ஒட்டுத்தாளால் மூடுக. மூடியபின் இயக்கி எழுதமாட்டாது. காலம் விட்டுவைத்ததை நமது கவனமின்மை அழித்தலாகாது.