கறையை மறைக்காதீங்க

மார்பகப் புற்றுநோய்னா கட்டி, அவ்வளவுதான்னு பலர் நினைக்கிறோம். ஆனால் கட்டி கையில் தட்டுப்படும் முன்பே சிலருக்கு மார்பகக் காம்பில் நீர் கசியும். வலிக்காது. உள்ளாடையில் சின்னக் கறைதான் தெரியும். நம்ம அம்மாக்கள் அதைத் துவைத்துப் போட்டுவிட்டு யாரிடமும் சொல்ல மாட்டாங்க.

கசிவு என்றாலே புற்றுநோய் இல்லை. இரண்டு பக்கமும் பால் போல வந்தால் ஹார்மோன் மாற்றமோ, சாப்பிடும் மருந்தோ காரணமாக இருக்கலாம். அமுக்கினால் மட்டும் மஞ்சளாகவோ பச்சையாகவோ வருவதும் பெரும்பாலும் ஆபத்தில்லாததுதான். (அதுக்காக அடிக்கடி அமுக்கிப் பார்க்காதீங்க, அமுக்க அமுக்கக் கசிவு நிற்காது.)

ஒவ்வொரு மார்பகத்திலும் சுமார் 15 முதல் 20 பால் குழாய்கள் உண்டு. பொறியியல் படிக்கிற எனக்கு, ஒழுகினால் எந்தக் குழாய்னுதான் முதலில் கேட்கத் தோணும். டாக்டரும் அதையேதான் கேட்பார். ஒரே பக்கம், ஒரே துளை, அமுக்காமல் தானாக வருது, இரத்தமாகவோ தண்ணீர் போலத் தெளிவாகவோ இருக்குது என்றால் தள்ளிப்போடக் கூடாது. குழாய்க்குள் மரு போல முளைக்கும் சாதாரணக் கட்டியே பல நேரம் காரணம். ஆனால் குழாயை விட்டு இன்னும் வெளியே பரவாத ஆரம்பப் புற்றுநோயும் இப்படித் தலைகாட்டலாம். அப்போதே பிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். 50 வயதைத் தாண்டிய அம்மா, பெரியம்மா என்றால் இன்னும் கவனம். ஆணுக்குக் கசிந்தாலும் காட்டியே ஆகணும்.

அரசாங்கக் கிளினிக்கில் காட்டினால், தேவைப்படும் மெமோகிராம், ஸ்கேனுக்கு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பாங்க. பெண் டாக்டர் வேணும்னு கேட்கலாம். அம்மனுக்கு வேண்டிக்கிறதும் நல்லதுதான். வேண்டிக்கிட்டு, அதே வாரம் கிளினிக்குக்கும் கூட்டிட்டுப் போங்க.