எழுத்தில் வாங்கு

அன்புள்ள செந்திலுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. கவிதா போனில் அழுதுவிட்டாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. வசூல்காரர்கள் அவளையே கூப்பிட ஆரம்பித்த பிறகு அவள்தான் யாரிடம் சொல்வாள்?

முதலில் பயத்தை விடு. கிரெடிட் கார்டு பாக்கி கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் பாக்கி கேட்டுக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடு. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். ஆனால் போனை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ளாதே. வட்டி ஒளியாது.

சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாயா? வருஷத்துக்கு ஒரு முறை இலவசம். ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு மூடாதே. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாகக் கட்டங்கள் இருக்கும். ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 000, தவறிய மாதத்தில் எத்தனை நாள் பாக்கி என்ற எண். உனக்குச் சம்பந்தமில்லாத கடன் ஏதாவது ஏறியிருந்தால் உடனே டிஸ்ப்யூட் போடு.

1,40,000 ரூபாய் பாக்கியை 60,000-ல் முடித்துத் தருகிறேன் என்கிறானாமே அந்த ஏஜென்ட்? கேட்க இனிக்கும். ஆனால் ரிப்போர்ட்டில் ‘செட்டில்டு’ என்று ஏறிவிடும். முழுதும் கட்டினால்தான் ‘க்ளோஸ்டு’. நாளைக்கு நீ வீட்டுக் கடனுக்குப் போய் நிற்கும்போது மானேஜர் முதலில் பார்ப்பது அதைத்தான். வங்கியில் கடன் பிரிவிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன்.

அண்ணன் பட்டது உனக்குத் தெரியாததா? கடைசித் தவணையையும் கொடுத்துவிட்டு, ‘தெரிந்த மனுஷன்தானே, ரசீது எதுக்கு’ என்று எழுந்து வந்தார். அந்த ஃபைனான்ஸ்காரர் கண்ணை மூடியதும் மகன் வந்து பாக்கி நிற்கிறது என்றான். அண்ணி காசுமாலை போனது போனதுதான். நான் அன்றைக்கே தலைபாடாக அடித்துக்கொண்டேன், கேட்டாரா?

அதனால்தான் சொல்கிறேன், ஏஜென்ட் நம்பருக்கு ஜிபே பண்ணாதே. பணம் வங்கியில் உன் கார்டு கணக்குக்கே போகட்டும். எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்பதை வங்கியின் லெட்டர்ஹெட்டில் வாங்கிக்கொண்டு கட்டு. கட்டியதும் நோ டியூ சர்டிபிகேட் வாங்கு. பிறகு ரிப்போர்ட்டில் மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்.

முடிவு உன்னுடையது. செட்டில்மென்ட்தான் என்றாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் தவணையாக முழுதும் கட்ட வழி உண்டா என்று வங்கியிலேயே ஒரு தடவை நேரில் போய்க் கேள். என் வளையல்கள் பீரோவில் சும்மாதான் கிடக்கின்றன. கூச்சப்படாதே.

ரொம்பப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே கண்ணு. அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தேய்த்த கார்டு அது, எனக்குத் தெரியாதா? உன்னைப் போல ஒரு பிள்ளை யாருக்குக் கிடைக்கும்! ஞாயிற்றுக்கிழமை கவிதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து வைக்கிறேன். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன், சத்தியம்.

என்றும் அன்புடன்,
அத்தை